கடன் வாங்கிய இளமை

1871இல் சென்னை மாகாணத்தில் முதன்முறையாக ஒழுங்கான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது பழைய சேலம் மாவட்டத்தில் 19,66,995 பேர் இருந்தார்கள். பத்தாண்டு கழித்து, 1881 பிப்ரவரியில், மறுபடியும் எண்ணினார்கள். தேறியது 15,99,595 பேர். இடையில் வந்துபோனது தாது வருஷப் பஞ்சம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவரை மாவட்டம் இழந்திருந்தது.

அதே இரண்டு கணக்கெடுப்புகளில் சேலம் நகரத்தின் எண்களைப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. 1871இல் 50,012 பேர். 1881இல் 50,667 பேர். சுற்றிலும் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்துபோயிருக்க, நகரம் மட்டும் 655 பேர் கூடியிருந்தது. நகரத்தில் யாரும் சாகவில்லை என்று இதற்குப் பொருளல்ல. பஞ்சத்தோடு கூடவே வந்த காலராவும் அம்மையும் காய்ச்சலும் நகரம், கிராமம் என்று பார்த்து நுழையவில்லை. செத்தவர்களின் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்திருந்தார்கள். மழை பொய்த்து, மாடு செத்து, விதைக்கென வைத்திருந்ததையும் தின்று தீர்த்தபின் கஞ்சியும் கூலியும் தேடி வந்த கிராமத்துக்காரர்கள்தான் அவர்கள். வேறு வழியில் இந்தக் கணக்கு நேராகாது.

சேலத்தின் நூற்றைம்பது ஆண்டுகளை வயதுக் கணக்காகப் படித்தால் திரும்பத் திரும்பத் தென்படுவது இதுதான். நகரத்தின் இளமை நகரத்திலேயே விளைந்ததல்ல, சுற்றுவட்டாரத்திடம் வாங்கிய கடன். சேலத்துக்கு மட்டுமான குணமும் அல்ல இது. 1662இலேயே லண்டனில் ஜான் கிரான்ட் என்ற துணி வியாபாரி, தேவாலயப் பதிவேடுகளை அடுக்கிவைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தார். ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளைவிட அடக்கம் செய்யப்பட்ட பிணங்கள் அதிகம், ஆனாலும் நகரம் வளர்கிறது. அப்படியென்றால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் நாட்டுப்புறத்திலிருந்து வந்து பள்ளத்தை நிரப்புகிறார்கள் என்றார் அவர். வருகிறவர்கள் பெரும்பாலும் வாலிபர்கள். கைக்குழந்தையும் கிழவரும் வேலை தேடி நடப்பதில்லை.

தாது வருஷம் சேலத்தின் வயதுக் கணக்கில் போட்ட ஓட்டை சுலபத்தில் மூடவில்லை. பஞ்சம் எல்லோரையும் சமமாகக் கொல்வதில்லை. முதலில் சாவது கைக்குழந்தைகளும் முதியவர்களும். பிழைத்த பெண்களுக்கும் கரு தங்குவதில்லை. 1877இல் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட வந்த ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுக்கக் கல் சுமக்கும் ஆளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் தரிக்கக் காணாது என்று எதிர்த்து எழுதினார். 1871 கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவரும் இதே கார்னிஷ்தான். தான் எண்ணிய மக்கள் ஆறே ஆண்டில் தன் கண்முன்னே குறைந்துகொண்டிருந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பஞ்ச ஆண்டுகளில் பிறந்திருக்க வேண்டியவர்கள் 1881இல் ஐந்து வயதுக்குட்பட்ட வரிசையில் குறைந்தார்கள். 1891இல் பன்னிரண்டு, பதினைந்து வயது வரிசையில் குறைந்தார்கள். 1901இல் கல்யாணம் முடிந்து பிள்ளை பெற வேண்டிய வயதில் குறைந்தார்கள். அவர்கள் குறைந்ததால் அவர்களுக்குப் பிறந்திருக்கக்கூடிய பிள்ளைகளும் குறைந்தார்கள். ஒரு பஞ்சம் மூன்று தலைமுறைக் கணக்கில் பல்லிளிக்கும் என்பதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1891இல் மாவட்டத்தின் தொகை 19,62,591 ஆகிவிட்டது. பஞ்சத்துக்கு முந்தைய அளவை ஏறக்குறைய எட்டிவிட்டது. ஊர் திரும்பியவர்கள் சிலர். மீதி முழுக்கப் புதுப் பிறப்புகள். பஞ்சம் முடிந்த பத்தாண்டில் சேலம் சமவெளி பொடிசுகளால் நிறைந்த நாடாக இருந்திருக்கிறது.

அந்தக் கால வயதுக் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பிறந்த தேதி எழுதிவைக்கும் வழக்கம் சாதகம் கணிக்கிற வீடுகளுக்கு அப்பால் கிடையாது. தாது வருஷத்துக்கு முன்னா பின்னா, பெரிய வெள்ளத்தின்போது நடந்தாயா தூளியில் கிடந்தாயா என்று கேட்டுத்தான் வயது குறித்தார்கள். ஆகவே பழைய அட்டவணைகளில் 30, 40, 50 என்று முழு எண்ணில் முடியும் வயதுகளில் ஆட்கள் குவிந்திருப்பார்கள். 29 வயதிலும் 31 வயதிலும் தேடினாலும் அவ்வளவாகக் கிடைக்க மாட்டார்கள். ஐந்தைந்து, பத்துப்பத்து ஆண்டுகளாகச் சேர்த்துப் பார்த்தால்தான் ஓரளவு உண்மை தெரியும்.

போதாக்குறைக்கு மாவட்டத்தின் எல்லையும் ஓரிடத்தில் நின்றதில்லை. நாமக்கல் தாலுகாவை 1910இல் திருச்சியோடு சேர்த்தார்கள், 1929இல் திருப்பிக் கொடுத்தார்கள். 1965இல் தர்மபுரி பிரிந்தது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானது. நூறாண்டு எண்களை ஒரே வரிசையில் எழுதி ஒப்பிடுகிறவர் பாதி நேரம் எல்லைக் கோடுகளோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

நகரத்துக்கு வருவோம். வேலைக்கு ஆள் இழுக்கும் நகரம் என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது பம்பாயும் கல்கத்தாவும்தான். ஆலைக்கும் துறைமுகத்துக்கும் தனியாக வந்த ஆண்கள் ஒரே அறையில் பத்துப் பேராகப் படுத்தார்கள். மனைவியும் பிள்ளையும் ஊரில் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நகரங்களில் ஆண்களைவிடப் பெண்கள் மிகக் குறைவாக இருந்தார்கள். நாற்பதைத் தாண்டி உடம்பு தளர்ந்ததும் ஆள் ஊருக்குத் திரும்பிவிடுவான். அதனால் அந்த நகரங்களில் குழந்தையும் குறைவு, கிழவரும் குறைவு.

சேலம் அப்படி இல்லை. காரணம் குழித்தறி.

அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை என்று எந்தப் பக்கம் போனாலும் தறிச் சத்தம் கேட்ட ஊர் அது. செங்குந்தரும் தேவாங்கரும் சௌராஷ்டிரரும் நெய்தார்கள். கைத்தறி ஒற்றை ஆளின் தொழிலல்ல. தறிக்குழியில் இறங்கி நாடா போடுவது ஆண் என்றால், நூலைப் பக்குவம் செய்வதும் ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றுவதும் பெண்களும் பிள்ளைகளும். விடிகாலையில் தெருவை அடைத்துப் பாவு போடும்போது வீட்டிலிருக்கும் அத்தனை பேரும் வேண்டும், பக்கத்து வீட்டாரும் வேண்டும். கண் மங்கிய கிழவிக்கும் கைப்பழக்கத்தில் செய்ய ஒரு வேலை இருந்தது. ஆகவே சேலத்துக்குப் பிழைக்க வந்த நெசவாளி குடும்பத்தோடு வந்தார். ஆலை நகரம் வாலிபர்களை மட்டும் கேட்டது, தறி நகரம் எல்லா வயதையும் கேட்டது. தமிழ்நாட்டின் பழைய நெசவு ஊர்கள் பம்பாயைப் போல ஆண்கள் ஊராக மாறாததற்கு ஒழுக்கமோ பண்பாடோ காரணமில்லை, தொழிலின் கட்டமைப்புதான் காரணம். ஆனால் ஆறு வயதிலேயே தார் சுற்ற உட்கார்ந்த குழந்தைக்கு இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

1901இல் 70,621 ஆக இருந்த நகரம் 1911இல் 59,153க்கும் 1921இல் 52,244க்கும் இறங்கியது. வளர வேண்டிய நகரம் இருபது ஆண்டு தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. மைசூர்ப் பக்கமிருந்து வந்த பிளேக் சேலத்தைப் பலமுறை தொட்டது. பிளேக் என்றால் சாவு ஒருபுறம், வீட்டைப் பூட்டிவிட்டு ஊரையே காலி செய்வது மறுபுறம். 1918இல் விஷக்காய்ச்சல். மற்றக் கொள்ளைநோய்கள் குழந்தையையும் கிழவரையும் தேடும். இந்தக் காய்ச்சல் மட்டும் உலகெங்கும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவர்களை அதிகமாகக் கொண்டுபோனது. இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் அந்தப் பத்தாண்டில் இருபது வயதையொட்டிச் சரிந்து கிடந்தது.

இன்னொரு கசிவும் இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்களில் திருச்சி, தஞ்சை, வடஆர்க்காட்டோடு சேலமும் உண்டு. கங்காணி பார்த்துப் பொறுக்கியது உழைக்கும் வயதை. மலைநாட்டில் கொழுந்து பறித்தவர்களின் வாலிபம் இந்தச் சமவெளியின் வயதுக் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது.

பிறகு 1931. சேலத்தில் 1,02,179 பேர். பத்து ஆண்டில் ஏறக்குறைய இரட்டிப்பு. தாய்மார் பிள்ளை பெற்று மட்டும் எந்த ஊரும் இந்த வேகத்தில் வளராது. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணை வேலை மாவட்டமெங்கும் கூலியாட்களை நகர்த்தியது. மேட்டூரில் மின்சாரமும் ஆலைகளும் வந்தன. ரயிலும் சந்தையும் பெருத்தன. 1951இல் நகரத்தின் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

சுதந்திரத்துக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகள் குழந்தைகளின் காலம். அம்மை குத்தினார்கள், மலேரியாவுக்கு மருந்தடித்தார்கள், பஞ்சச் சாவு நின்றது. பிறந்தவை பிழைத்தன. 1961இல் தமிழ்நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள். காமராஜர் காலத்தில் ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறந்ததும் மதிய உணவு போட்டதும் பெரிய மனதின் செயல்தான். அந்தக் கட்டடங்களை நிரப்பப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

அதே காலத்தில் மறுபக்கக் கதவும் திறந்தது. 1951 கணக்கெடுப்பின் அகில இந்திய ஆணையராக இருந்தவர் ஆர்.ஏ. கோபாலசாமி. மூன்று பிள்ளைகளுக்கு மேல் பெறுவதை 'முன்யோசனையற்ற தாய்மை' என்ற பொருளில் கடிந்து அறிக்கை எழுதிய அதிகாரி. அவரே பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளராக வந்தார். 1950களின் பிற்பாதியில், கருத்தடை அறுவை செய்துகொள்வோருக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தை நாட்டுக்கே முன்னோடியாகச் சென்னை மாநிலம் தொடங்கியது அவர் காலத்தில்தான். கணக்கெடுத்தவர் கையிலேயே கணக்கைக் குறைக்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தது.

அரசு சொன்னதை எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் கேட்கவில்லை. கொங்குப் பகுதி முந்திக்கொண்டது. கிணற்றுப் பாசனம், சிறு நிலம், பிரித்தால் பண்ணயம் கட்டாது என்ற பயம், பெண்ணுக்குப் போட வேண்டிய நகை. எல்லாம் சேர்ந்து இரண்டு பிள்ளை போதும், முடிந்தால் ஒன்றே போதும் என்ற முடிவுக்கு நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரக் குடியானவர்களைக் கொண்டுவந்தன. கிராமத்தில் பிள்ளைப்பேறு மெதுவாகத்தான் குறையும், நகரம்தான் வழிகாட்டும் என்பது மக்கள்தொகை அறிஞர்களின் பழைய பாடம். இங்கே கிராமமும் நகரமும் சேர்ந்தே குறைத்தன. பிரெஞ்சு ஆய்வாளர் கிறிஸ்தோப் கில்மோட்டோ போன்றவர்கள் தமிழகத்தைத் தேடி வந்து ஆராய்ந்ததற்கு இந்த விநோதமும் ஒரு காரணம். நாட்டிலேயே மிகக் குறைவாகப் பிள்ளை பெறும் மாவட்டங்களைப் பட்டியலிட்டால் நாமக்கல்லும் ஈரோடும் கோவையும் அதில் வந்துவிடும்.

ஆனால் சிறு குடும்பத்துக்குக் கொடுத்த விலையைச் சொல்லாமல் நகரக் கூடாது. ஒரு பிள்ளை என்றால் அது ஆணாக இருக்க வேண்டும் என்றார்கள். பிறந்த பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் என்ற கொடுமை 1980களின் இறுதியிலும் 1990களிலும் சேலம் மாவட்டத்து ஊர்களிலிருந்து வெளியே தெரியவந்தது. 1992இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலத்தில்தான். எந்த ஊருக்கும் கிடைக்கக் கூடாத முதலிடம் அது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசாங்கம் கெஞ்ச வேண்டியிருந்தது. பிறகு ஸ்கேன் கருவி வந்தது. கொலை கருவறைக்குள்ளேயே நடந்தது. 2001இல் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள். மாநிலச் சராசரி 942. 2011இல் சேலத்தின் எண் 915ஐத் தாண்டியது என்பது ஓர் ஆறுதல்.

அந்த 851, ஆண்டுக்கொரு வயதாக ஏறிக்கொண்டே வருகிறது. 2001இல் ஆறு வயதுக்குள் இருந்த பையன்கள் இன்று கல்யாண வயதில் நிற்கிறார்கள். ஆயிரத்தில் சுமார் 150 பேருக்கு அதே வயதில், அதே ஊர்ப்பக்கம் பெண் கிடையாது. பெண் கொஞ்சம் இளையவளாக இருக்க வேண்டும் என்றால், பிறப்பு ஆண்டுக்காண்டு குறைந்துவருவதால் தட்டுப்பாடு இன்னும் கூடும். திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் 'கங்கணம்' நாவலை எழுதியது இப்படிப் பெண் கிடைக்காமல் வயது ஏறிக்கொண்டிருக்கும் குடியானவன் ஒருவனைப் பற்றித்தான். புள்ளிவிவரக்காரர்கள் எழுத வேண்டிய எச்சரிக்கையை நாவலாசிரியர் எழுதிவிட்டார். தரகர்கள் பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் பார்த்துக் கொடுக்கும் வழக்கமும் சாதி பார்க்காத கல்யாணங்களும் கொங்குக் கிராமங்களில் இதனால்தான் வந்தன. சீர்திருத்தம் செய்ய முடியாததைத் தட்டுப்பாடு செய்திருக்கிறது.

நாமக்கல் தொழில்கள் ஒவ்வொன்றும் ஒரு வயதைத் தின்னும் தொழில்கள். லாரி ஓட்டுவதற்கும், திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம்வரை போய்ப் போர் போடுவதற்கும் இருபதிலிருந்து நாற்பதுக்குள் இருக்க வேண்டும். ஆண்டில் பாதி நாளுக்கு மேல் அந்த வயது ஊரில் இருக்காது. இதன் விலை நோயாக வந்தது. 1990களிலும் 2000த்தின் தொடக்கத்திலும் நாட்டில் எச்ஐவி பரவல் மிக அதிகமாக இருந்த மாவட்டங்களில் நாமக்கல் ஒன்று. நடுத்தர வயது காணாமல்போய்ப் பாட்டியும் பேரனும் மட்டும் மிஞ்சிய வீடுகள் உருவாயின. கூட்டுமருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகே அந்தச் சரிவு நின்றது.

அதே காலத்தில் ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் வேறொரு தொழில் தலையெடுத்தது: விடுதியோடு கூடிய பள்ளிக்கூடம். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகத் தமிழ்நாடெங்குமிருந்து பெற்றோர் பெட்டிபடுக்கையோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சொந்தப் பிள்ளைகள் குறைந்துவந்த மாவட்டம், பிறத்தியார் பிள்ளைகளால் நிறைந்தது. இந்தப் பக்கத்து ஊர்களின் வயது வரைபடத்தில் பதினைந்து, பதினெட்டு வயதில் திடீரென வீங்கித் தெரிந்தால் ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் ஏராளமாகப் பெற்றார்கள் என்று முடிவுகட்டக் கூடாது. நூற்பாலை விடுதிகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் தங்கவைக்கப்பட்ட வளரிளம் பெண்களும் இதே வகைதான். படிக்கப் போன பெண்ணுக்குக் கிடைத்ததும் பஞ்சாலைக்குப் போன பெண்ணுக்குக் கிடைத்ததும் ஒன்றல்ல. கணக்கெடுப்புப் படிவத்தில் இருவரும் பதினேழு வயது.

சேலம் நகரத்தின் வரைபடத்தையும் இப்படிக் கவனமாகப் படிக்க வேண்டும். 1981இல் 3,61,394 பேர். 1991இல் 3,66,712 பேர். பத்தாண்டில் ஐயாயிரம் பேர்தான் கூடினார்கள். நகரம் நின்றுவிடவில்லை. இடப்பற்றாக்குறையால் கல்யாணமான பிள்ளைகள் எல்லைக்கு வெளியே வீடு கட்டிப் போனார்கள். பழைய பேட்டைகளில் பெற்றோர் மிஞ்சினார்கள். 1994இல் சேலம் மாநகராட்சியாகி சூரமங்கலம், கொண்டலாம்பட்டி போன்ற பக்கத்து ஊர்கள் உள்ளே வந்ததும் 2001இல் தொகை 6,96,760 ஆனது. வெளியே போன இளம் குடும்பங்களை எல்லைக் கோட்டை இழுத்துத் திரும்பப் பிடித்தார்கள். காகிதத்தில் நகரம் ஒரே நாளில் இளமையாகியிருக்கும்!

ஒரே வயதுக்காரர்களை மொத்தமாகக் கொண்டுவரும் தொழிற்சாலைக்குச் சேலம் உருக்காலை நல்ல உதாரணம். 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். உற்பத்தி 1980களின் தொடக்கத்தில் வந்தது. அப்போது இருபது, இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒன்றாகக் கல்யாணம் செய்து, ஒன்றாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, 2015க்குப் பிறகு ஒன்றாக ஓய்வுபெற்றார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் பெங்களூருக்கோ சென்னைக்கோ கடல் கடந்தோ போனார்கள். பெங்களூர் இங்கிருந்து நான்கு மணி நேரம். சேலம் கிராமத்திடம் செய்ததைப் பெங்களூர் சேலத்திடம் செய்கிறது.

கிராமத்தில் இப்போது யார் இருக்கிறார்கள்? தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் சராசரிக் குழந்தைகள் 2020இன் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 1.4. தலைமுறையை ஈடுகட்ட 2.1 வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர்கள் 2011இல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2021க்கு அரசு மதிப்பிட்டது 13.6. 2031க்கு 18.2. கேரளத்துக்கு அடுத்து முதுமை அதிகமான மாநிலம் இதுதான். தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் முதிய தம்பதிகள் கொங்கு நாட்டின் புதிய குடும்ப வடிவம் ஆகிவிட்டார்கள். 2025இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் ஒரு முதிய தம்பதி கொல்லப்பட்டதும், அதற்கு முந்தைய நவம்பரில் பல்லடம் அருகே ஒரு குடும்பமே கொல்லப்பட்டதும் குற்றச் செய்திகளாக மட்டும் படிக்கப்பட்டன. கூப்பிட்டால் ஓடிவரும் வயதில் அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை என்ற செய்தியும் அவற்றுக்குள் இருந்தது.

காலியான வயதை இப்போது நிரப்புகிறவர்கள் வடக்கிலிருந்து வருகிறார்கள். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குவதும் பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறியில் நிற்பதும் ரிக் வண்டியில் குழாய் மாட்டுவதும் பீகார், ஒடிசா, சத்தீஸ்கர் வாலிபர்கள். சேலத்து வெள்ளிப் பட்டறையிலும் கட்டட வேலையிலும் அவர்கள்தான். முன்பு ஓமலூரிடமும் ராசிபுரத்திடமும் வாங்கிய கடனைச் சேலம் இப்போது ஒடிசாவிடம் வாங்குகிறது. அங்கேயும் பிறப்பு விகிதம் ஈட்டளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. டோக்கியோ இந்தப் பாதையில் நமக்கு முன்னால் போகிறது. அங்கே 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.99 குழந்தை. ஆனாலும் ஜப்பானின் மற்றப் பகுதிகளைவிட அந்த நகரம் இளமையாகத் தெரிகிறது. மற்ற மாவட்டங்களின் இளைஞர்கள் அங்கே போய்ச் சேர்வதால்தான்.

சேலத்தின் புதிய கட்டுமானங்கள் எல்லாம் இருசக்கர வண்டி ஓட்டும் வயதை நினைத்துக் கட்டியவை. ஐந்து ரோட்டின் மேலே ஈரடுக்கு மேம்பாலம் 2020இல் வந்தது, ஈரடுக்குப் பேருந்து நிலையம் 2023இல் வந்தது. பாலத்துக்குக் கீழே சாலையைக் கடக்க எழுபது வயதில் ஒருவர் நிற்கும் நேரத்தை யாரும் திட்ட அறிக்கையில் எழுதியிருக்க மாட்டார்கள். 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தமிழ்நாட்டில் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம் 2023இல் 1,200 ரூபாய் ஆனது. தொகையைவிட, வாங்கப்போகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் இனிமேல் நிதித்துறையின் தலைவலியாக இருக்கும்.

இவ்வளவையும் 2011 கணக்கை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது, 2021இல் எண்ணவில்லை. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வரும்போது, ரேஷன் அட்டையில் பெயர் இருக்கிறது என்பதற்காகப் பெங்களூரில் இருக்கும் மகனை இந்த வீட்டில் எழுதச் சொல்லாதீர்கள். அவரை அங்கே எண்ணிக்கொள்வார்கள். பட்டறையின் பின்னறையில் தங்கியிருக்கும் ஒடிசாப் பையன்களை, நம்மவர் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். தோட்டத்தில் தனியாக இருக்கும் அம்மாவின் வயதை உத்தேசமாகச் சொல்லாமல் ஆதாரைப் பார்த்தோ உடன்பிறந்தவரைக் கேட்டோ சரியாகச் சொல்லுங்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் அடுத்த பத்தாண்டுக்கு எத்தனை அங்கன்வாடி வேண்டும், எத்தனை முதியோர் மருத்துவப் பிரிவு வேண்டும் என்பதை அந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவுசெய்யப் போகிறார்கள்.